தூசா, புள்ளியா

லைப்சிக்கில் இரவுப் பணி.
அச்சகத்துக்குள் போகும்போது பையில் சில்லறைகூட இருக்கக் கூடாது,
பணம் அடிக்கிற இடத்தில் யாரிடமும் பணம் இருக்கக் கூடாது.
மூன்று கதவுகள்.
மூன்றாவது என்னை எடை பார்த்துத்தான் திறக்கும்.

பிறந்து பதினான்கு மாதமே ஆன ஒரு நாடு
தன் முதல் தாளை எங்களிடம் கொடுத்திருந்தது.
பெயர் சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

முதல் மாதிரியில் ஒரு தலைவர் இருந்தார்.
இரண்டாவதில் அவர் மீசை சிறுத்தது.
மூன்றாவதில் அவர் இல்லை, அந்த இடத்தில் ஒரு மீன்கொத்தி.
வடக்கே மீன்கொத்தி கிடையாது என்று ஒரு கடிதம்.
தெற்கே அதற்குத் திருடன் என்று பெயர், இது இன்னொன்று.
கடைசியில் ஆறு வந்தது.
ஆற்றுக்கு எல்லோரும் சம்மதம்,
எந்தக் கரையில் நின்று பார்ப்பது என்பதைத் தவிர.
ஓவியர் சலித்துப்போய் மேலிருந்து வரைந்தார்,
யாரும் நிற்காத இடத்திலிருந்து.

மொழிகள் முப்பத்தெட்டு.
எதைப் பெரிதாகப் போடுவது என்ற சண்டையில்
ஓர் அமைச்சர் பதவி விலகினாராம்.
பிறகு யாரோ ஒரு புத்திசாலி
எல்லாவற்றையும் போடுங்கள் என்றார்,
ஒருவராலும் படிக்க முடியாத அளவில்.
ஆற்றின் கீழ்க்கரை வெறும் கோடு போலத் தெரியும்.
அது கோடு இல்லை, முப்பத்தெட்டுப் பெயர்கள்,
ஒவ்வொன்றும் தன் தன் எழுத்தில்.

அதைப் படிப்பது என் வேலை.
முப்பது மடங்கு பெருக்கும் கண்ணாடியில்
ஒரு சொல்லும் புரியாமல், எழுத்தெழுத்தாக.
அந்த நாட்டிலேயே எவரும் அந்த வரியை முழுக்கப் படித்திருக்க மாட்டார்கள்.
நான் அறுநூறு தடவையாவது படித்திருப்பேன்.

ஒரு செவ்வாய் இரவு, இரண்டேகால் மணிக்கு,
இருபத்தொன்பதாவது பெயரின் தலையில்
ஒரு புள்ளி.

நேற்றைய தாளில் இல்லை.
ஹைக்கே குனிந்து பார்த்துவிட்டுத் தூசு என்றாள்.
முப்பத்தோரு வருஷம் தகடுகளோடு இருந்தவள்.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது.
ஆனால் நான் தமிழில் எழுதப் படித்தவள்.
புள்ளி வைத்தால் கல்.
எடுத்தால் கல, கலந்துவிடு என்று பொருள்.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.
இயந்திரம் நிற்கும் சத்தம் அவ்வளவு பெரிதாயிருக்கும் என்று தெரியாது.

அங்கே அப்போது அலுவலக நேரம்.
படம் எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம்.
தன் நாட்டின் தாள்களை
ஒரு மலைக்குள் சுரங்கத்தில் கொட்டி மூடியதை
ஹைக்கே சொன்னாள், வானிலை சொல்வதுபோல.
பிறகு அவை ஈரத்தில் நாறத் தொடங்கினவாம், எடுத்து எரித்தார்களாம்.
"நான் எங்கேயும் போகவில்லை.
நின்ற இடத்திலேயே வெளியூர்க்காரி ஆனேன்."
உன் நாட்டுத் தாளில் என்ன படம் என்று கேட்டாள்.
எந்த நாடு, என்றேன்.
அவள் காப்பியைக் கலக்கினாள், ஏற்கெனவே கலந்திருந்ததை.

ஐந்தே முக்காலுக்குப் பதில் வந்தது.

"எங்கள் கோப்பில் புள்ளி இல்லை. தூசாக இருக்கலாம்.
ஆனால் பழைய கல்வெட்டு ஒன்றில் அதைப் பார்த்ததாக
இரண்டு உறுப்பினர்கள் சொல்கிறார்கள்.
அந்தக் கல்வெட்டே பொய் என்கிறார் மூன்றாமவர்.
அந்த மொழி பேசுகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம்,
எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி இயக்குபவர்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
அழகாயிருக்கிறது என்றார்.
ஆகவே இருக்கட்டும்.
காரணத்தைப் பின்னால் கண்டுபிடித்துக்கொள்கிறோம்."

ஒரு தூசைத் தகட்டில் வெட்டி நிலைக்கவைக்க
ஹைக்கேவுக்கு மூன்று நாள் ஆனது.
வாழ்க்கையில் செய்ததிலேயே கடினமான வேலை என்றாள்.

இன்னும் இருபது வருஷம் போகட்டும்.
அந்தப் புள்ளியை விட்டதற்காக ஏதோ ஒரு பிள்ளை
வகுப்பில் முட்டிபோட்டு நிற்கும்.
எடுக்கச் சொன்னால் ஊர்வலம் கிளம்பும்.
கல்வெட்டும் கிடைத்திருக்கும்.

வெளியே வரும்போது மூன்றாவது கதவு எடை பார்த்தது.
போனபோது இருந்த அதே எடை.
பச்சை விளக்கு.